தறித்த மாமரமும் கொழும்பு மழையும்: விறகைக் கொத்தி, அடுக்கி, உலர்த்துவது எப்படி?

தெஹிவளை முற்றம் (ஒக்டோபர் 27)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பின்வளவில் நின்ற மாமரத்தைப் போன கிழமை தறித்துவிட்டோம். அடிப்பக்கம் கோறை விழுந்து, அயல்வீட்டுக் கூரையை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸின்மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்களே, அன்றிலிருந்து வானம் இருண்டாலே அம்மாவுக்கு நித்திரை இல்லை. தறிக்க வந்தவர்கள் சங்கிலிவாளால் அடிமரத்தையும் பெரிய கொப்புகளையும் ஒன்றரை அடிக் குற்றிகளாக அறுத்துப் போட்டார்கள். முப்பதுக்கு மேல் இருக்கும். தாங்களே ஏற்றிக்கொண்டு போவதாகவும் சொன்னார்கள். அம்மா விடவில்லை.

2022இல் எரிவாயு இல்லாமல் நாங்கள் பட்ட பாடு அவருக்கு இன்னும் ஆறவில்லை. வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றோம். மண்ணெண்ணெயும் இல்லை. அம்மா பின்வளவில் மூன்று கற்களை வைத்துச் சமைத்தார். கிடைத்ததெல்லாம் பச்சை விறகு. ஊதி ஊதிக் கண் சிவந்து, இருமல் வந்து, ஒரு மாதம் அவதிப்பட்டார். "இன்னொரு முறை அப்படி வந்தால் என் வீட்டில் காய்ந்த விறகு இருக்க வேண்டும்" என்கிறார். அது நியாயமான ஆசை என்று நினைக்கிறேன்.

சிக்கல் இதுதான். மழை தொடங்கியதும் குற்றிகளைக் குவித்து, தறப்பாளால் நிலம்வரை மூடிக் கட்டிவைத்தேன். ஐந்தாம் நாள் திறந்து பார்த்தால் உள்ளே ஆவி பிடித்ததுபோல் வெக்கை. வெட்டு முகங்களில் வெள்ளைப் பூஞ்சணம், புளித்த மணம். இதை எப்படிக் கொத்துவது? இந்த மழையில் எப்படிக் காயவைப்பது? காய்ந்துவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வது? எனக்குக் கோடாலி பிடித்துப் பழக்கமே இல்லை.

மிலாறு (ஒக்டோபர் 27)

தங்கச்சி, முதலில் அந்தத் தறப்பாளைக் கழற்றுங்கள். இன்றைக்கே. மழையில் நனைந்தாலும் பரவாயில்லை. வெளியிலிருந்து விழும் மழை மரத்தின் மேற்பரப்பைத்தான் நனைக்கும், ஒரு நாள் காற்றில் அது போய்விடும். மரத்துக்குள்ளே இருக்கும் நீர்தான் வெளியேற வேண்டும். நீங்கள் அதை மூடி அவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். வேலை முடிந்து வரும் அப்பாவின் தலையில் மிலாறு, அதாவது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சி, ஒரு கட்டு இருக்கும். நாள்கணக்கில் பனிமூட்டம் விலகாத இடம் அது. வெயிலை நம்பியிருந்தால் எங்கள் அடுப்பு எரிந்திருக்காது. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) தாழ்வாரத்தில், கூரைக்குக் கீழே, நிலத்தில் படாமல் கல்லின்மேல் அடுக்கிவைப்போம். அப்படியே காயும். விறகைக் காயவைப்பது காற்று. வெயில் கூடக் கிடைத்தால் இலாபம்.

இரண்டாவது, குற்றியாக வைத்திருக்காதீர்கள். பட்டை என்பது மரத்தின் மழைச்சட்டை, உள்ளிருக்கும் நீரையும் அது வெளியே விடாது. முழுக் குற்றியில் நீர் வெளியேற இரண்டு வெட்டு முகங்கள்தான் வழி. நான்காகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டிலும் புதிதாக இரண்டு பக்கங்கள் திறக்கின்றன. பச்சையாக இருக்கும்போதே கொத்துங்கள். மா மரம் காய்ந்து இறுகினால் உங்களைப் போன்ற புதியவருக்குக் கைகொடுக்காது.

பழைய அச்சுவேலி (ஒக்டோபர் 28)

தம்பி சொல்வதோடு நான் முழுவதும் உடன்படவில்லை. எங்கள் ஊரில் குற்றியாகவே முற்றத்தில் போட்டுவிடுவோம். பங்குனி, சித்திரை வெயிலில் தானாக வெடிக்கும். அந்த வெடிப்பில் ஆப்பை வைத்து ஒரு அடி, இரண்டாகிவிடும். பச்சை மரத்தில் கோடாலி கடித்துக்கொண்டு நிற்கும். பொறுமையாக ஒரு கோடை போகவிட்டுக் கொத்துவதே உடம்புக்கு நல்லது. வேம்பையும் பூவரசையும் நான் அப்படித்தான் கொத்தியிருக்கிறேன்.

மிலாறு (ஒக்டோபர் 28)

ஐயா, உங்கள் ஊருக்கு அது சரி. யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்கில் மழை இல்லாமல் காயும் காலம் இருக்கிறது. கொழும்பில் தொடர்ந்து மூன்று மாதம் காய்ந்த காலம் எப்போது வருகிறது? ஜனவரி, பெப்ரவரி கொஞ்சம் இடைவெளி தரும். அதற்குள் முழுக் குற்றியில் பூஞ்சணமும் வண்டும் நுழைந்துவிடும். வேம்பு கசப்பு மரம், தாக்குப்பிடிக்கும். மா தாங்காது.

போறணைக்காரன் (ஒக்டோபர் 28)

கொட்டாஞ்சேனையில் எங்கள் பேக்கரி தாத்தா காலத்திலிருந்து விறகுப் போறணையில்தான் பாண் சுடுகிறது. எங்களுக்கு வருவது இறப்பர் விறகு. களுத்துறைப் பக்கத்திலும் அவிசாவளைப் பக்கத்திலும் பால் வற்றிய இறப்பர்த் தோட்டங்களைத் தறித்து மறுநடுகை செய்யும்போது லொறியில் வரும். இறப்பர் மரத்தைப் பற்றி ஒன்று சொல்வேன்: நேரான மரம், வெண்ணெய்போல் பிளக்கும், ஆனால் அதைப்போல் விரைவாகக் கெடும் மரமும் இல்லை. தறித்து இரண்டு கிழமை குவியலாகக் கிடந்தால் நீலம் பூக்கும். பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். ஆகவே விறகு வந்து இறங்கிய அன்றே கொத்தி அடுக்குவது எங்கள் வழக்கம். அந்த வகையில் மிலாறு அண்ணா சொல்வது சரி.

காய்ந்ததை அறிய எங்கள் வீட்டில் பழகிய வழிகள்: வெட்டு முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் வெடிப்புகள் தெரியும். பட்டை தானாகக் கழரும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும். பச்சை விறகு 'தொப்' என்று அடங்கிவிடும். எரியும்போது மறுமுனையில் நுரை கக்கினால் அது இன்னும் பச்சை. ஆனால் இவை எல்லாம் பழகிய கைக்கும் காதுக்கும்தான் சரிவரும். புதியவர்களுக்கு வேறு வழி ஏதாவது இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

அளவுகோல் (ஒக்டோபர் 29)

இருக்கிறது, ஒரு தராசு போதும். கொத்திய துண்டுகளில் நான்கைந்தை எடுத்து இலக்கமிட்டு, இன்றைய நிறையைக் கொப்பியில் எழுதுங்கள். அவற்றை அடுக்கின் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுத்து நிறுங்கள். நிறை குறைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதற்குமேல் கொழும்புக் காற்று அந்த விறகை உலர்த்தாது.

ஏன் உலர்த்தாது என்பதையும் விளக்குகிறேன், நான் பொறியியலாளனாக இருந்து ஓய்வுபெற்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். மரம் காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வரும்வரைதான் நீரை இழக்கும். காற்றின் ஈரப்பதன் 80 சதவீதமாகவும் வெப்பம் 27 பாகையாகவும் இருந்தால், மரத்தில் அதன் உலர் நிறையில் ஏறக்குறைய 16 சதவீதம் நீர் எப்போதும் தங்கும். கொழும்பு ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தாலே விறகு நன்றாக எரியும். ஆகவே இங்கே விறகு காயாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். காயும். ஆனால் எல்லை நெருக்கமாக இருப்பதால், கூரையும் காற்றோட்டமும் சரியில்லாவிட்டால் அந்த 20ஐத் தொடவே மாட்டோம்.

இன்னொரு கணக்கு. பச்சை விறகு ஒரு கிலோவில் பாதி நீர் என்று வையுங்கள். அந்த அரைக் கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 1.3 மெகாயூல் போகும். மீதி அரைக் கிலோ மரம் கொடுப்பது 9 மெகாயூல். கணக்குப்படி பார்த்தால் இழப்பு ஏழில் ஒரு பங்குதான், பெரிதாகத் தெரியாது. அடுப்பில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஏனென்றால் நீர் ஆவியாகும்போது தீயின் வெப்பநிலை இறங்குகிறது. மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் பற்றாமலே வெளியேறுகின்றன. அந்தப் பற்றாத வாயுதான் நாம் காணும் புகை. உங்கள் அம்மாவின் கண்ணை எரித்தது எரிந்திருக்க வேண்டிய விறகு. அவருக்கு 2022இல் விறகும் வீணானது, உடம்பும் கெட்டது.

தெஹிவளை முற்றம் (நவம்பர் 1)

மிக்க நன்றி. தறப்பாளை அன்றே கழற்றினேன். நேற்றும் இன்றும் கொத்திப் பார்த்தேன். கொப்புக் குற்றிகள் ஏழெட்டைப் பிளந்துவிட்டேன். அடிமரத்துக் குற்றிகளில் கோடாலி நடுவில் இறங்கி அப்படியே கடித்துக்கொண்டது. அதை இழுத்து எடுக்க அரைமணி நேரம் போனது. உள்ளங்கை கொப்பளித்திருக்கிறது. முன்கையில் மாம்பால் பட்ட இடம் சிவந்து சொறிகிறது. அம்மா பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு "விடு பிள்ளை, கூலிக்கு ஆள் பிடிப்போம்" என்றார். எனக்கு விட மனமில்லை.

மிலாறு (நவம்பர் 1)

விடவேண்டாம். இது பலத்தைவிடப் பழக்கத்தில்தான் இருக்கிறது. எழுதிக் காட்டுவது கடினம், முயன்று பார்க்கிறேன்.

உங்களிடம் இருப்பது மரம் தறிக்கும் கோடாலியாக இருக்கும். அதன் அலகு மெல்லியது, குறுக்கே வெட்ட நல்லது, பிளக்கும்போது கடித்துக்கொள்ளும். கொத்துவதற்கு அலகு தடித்து, கன்னம் புடைத்து, பாரமாக இருக்க வேண்டும். அது மரத்தை வெட்டுவதைவிட விலக்கும். பழைய இரும்புக் கடையில் இரண்டு இரும்பு ஆப்புகளும் ஒரு சம்மட்டியும் கிடைத்தால் அடிமரத்துக்கு அதுவே போதும். கோடாலியின் பின்புறத்தைச் சம்மட்டியாக்கி ஆப்பில் அடிக்கவேண்டாம், காம்புத்துளை வெடித்துவிடும்.

குற்றியை வெறும் நிலத்தில் வைக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழான உயரத்தில், அகலமான இன்னொரு குற்றியை அடியில் வையுங்கள். தவறினாலும் அலகு அந்தக் கட்டையில் இறங்கும், உங்கள் காலுக்கு வராது. கால்களைத் தோளகலத்துக்கு விரித்து நில்லுங்கள். கோடாலி இறங்கும்போது முழங்காலையும் சேர்த்து மடித்து இறங்குங்கள். நிமிர்ந்து நின்றபடி கையை மட்டும் வீசினால் அலகு வளைந்து உங்கள் கணுக்காலைத் தேடி வரும். என் சித்தப்பா அப்படித்தான் காலில் வெட்டு வாங்கினார். செருப்போடு கொத்தவே கூடாது, மூடிய சப்பாத்து போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி.

பெரிய குற்றியை நடுவில் அடித்துப் பிளக்க முயலாதீர்கள். விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே, பட்டையின் ஓட்டத்துக்கு இணையாக அடியுங்கள். ஒரு பத்தை கழரும். குற்றியைத் திருப்பி அடுத்த பத்தை. பலாப்பழத்தைச் சுற்றிவரச் சீவுவதைப்போல் சுற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் நடுவில் சதுரமாக ஒன்று மிஞ்சும். அது தானாகவே பிளக்கும். ஏற்கெனவே முகத்தில் சிறு வெடிப்பு இருந்தால் அதையே பின்தொடருங்கள், மரம் வழிகாட்டுகிறது. கணு இருந்தால் அது கீழே போகும்படி குற்றியைத் திருப்பி வையுங்கள். கொப்புகள் பிரிந்த கவட்டுக் குற்றிகளைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுங்கள். அவற்றோடு மல்லுக்கட்டி இடுப்பைக் கெடுக்கவேண்டாம்.

கையில் கொப்பளம் வந்தால் காம்பை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். மேலே தூக்கும்போது ஒரு கை அலகுக்கு அருகில் இருக்கட்டும், இறங்கும்போது அது காம்பில் வழுக்கி மற்றக் கைக்கு வரட்டும். நாளைக்கு ஒரு மணி நேரம் போதும்.

புதுக்கடை (நவம்பர் 2)

கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் பெரிய சட்டியில் புரியாணி ஆக்குபவர்கள் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை. விறகு எங்கள் கையிலேயே வளர்ந்த பொருள். ஒரு யோசனை: பழைய கார் ரயர் ஒன்றைக் கட்டையின்மேல் வைத்து, அதற்குள் குற்றியை நிறுத்திக் கொத்துங்கள். துண்டுகள் சிதறாது, ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கத் தேவையில்லை. குனிந்து நிமிர்வதுதான் முதுகை முறிக்கிறது, வெட்டு அல்ல.

அடுப்புக்கு ஏற்றபடி அளவு பாருங்கள். சட்டிப் புரியாணிக்கு நாங்கள் தொடைப் பருமனில் புளியங்கட்டை போடுவோம், அது நின்று எரியும், தணல் இறங்காது. வீட்டு அடுப்புக்கு மணிக்கட்டுப் பருமன் போதும், பற்றவைக்க விரல் பருமனில் ஒரு கூடை. மெல்லியது விரைவாகக் காயும் என்பதும் இருக்கிறது.

வெள்ளவத்தை மாடிவீடு (நவம்பர் 2)

ரயர் யோசனை எனக்குப் பயமாக இருக்கிறது. மழைக்காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் முதலில் தேடுவது ரயரைத்தான். எங்கள் ஒழுங்கையில் போன ஆண்டு மூன்று பேருக்கு டெங்கு. ஒரு வீட்டில் தறப்பாளின் மடிப்புக்குள் தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பி கண்டுபிடிக்கப்பட்டது. தயவுசெய்து இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபிக்க வேண்டாம். நான் நான்காம் மாடியில் இருக்கிறேன். கீழ்வீட்டில் விறகு எரிக்கிறார்கள். என் மகனுக்கு ஆஸ்துமா. மாலையில் ஜன்னலை மூடிக்கொண்டு வியர்வையில் இருக்கிறோம். நெருங்கிய வீடுகள் உள்ள இந்த நகரத்தில் விறகடுப்பு வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

புதுக்கடை (நவம்பர் 2)

ரயரில் நீங்கள் சொன்னது உண்மை, நான் எழுதத் தவறிவிட்டேன். அடிப்பக்கச் சுவரில் விரல் நுழையும் அளவில் ஏழெட்டுத் துளைகள் போட வேண்டும், நீர் நிற்காது. வேலை முடிந்ததும் கூரைக்குக் கீழே நிமிர்த்திச் சாத்திவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

அளவுகோல் (நவம்பர் 3)

வெள்ளவத்தைச் சகோதரியின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகும். காய்ந்த விறகு புகையைப் பெரிதும் குறைக்கும், முற்றாக நீக்காது. ஆஸ்துமாப் பிள்ளைக்குப் பக்கத்தில் தினமும் மூன்று வேளை விறகு எரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வாரத்தில் ஓரிரு முறை, வெளிமுற்றத்தில், மேலே காற்று இழுக்கும் இடத்தில், அயலவரிடம் நேரத்தைச் சொல்லிவிட்டு எரிப்பது வேறு விடயம். மூடிய அறைக்குள் விறகோ கரியோ எரிக்கவே கூடாது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை, மூச்சை நிறுத்தும்வரை தெரியாது.

அடுப்பையும் கவனியுங்கள். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் பானைக்குப் போகிறது. மீதி காற்றுக்கு. இங்கே கடைகளில் கிடைக்கும் இரட்டை வாய்க் களிமண் அடுப்பு, அனகி என்று சொல்வார்களே, அது தீயைச் சுற்றி மூடி இரண்டாம் பானைக்கும் சூட்டைக் கொண்டுபோவதால் விறகு குறையும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலைக் கல்லடுப்பில் செய்ய ஏறக்குறைய 130 கிலோ உலர்ந்த விறகு வேண்டும் என்று கணக்கிட்டேன். வெப்பத்தில் கால்பங்கைப் பானைக்குக் கொடுக்கும் அடுப்பானால் ஏறக்குறைய 75 கிலோ போதும். உங்கள் மாமரம் எத்தனை சிலிண்டருக்குச் சமம் என்று அம்மாவிடம் சொல்லலாம்.

வத்தளைத் தென்னந்தோப்பு (நவம்பர் 4)

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. மாமரம் என்றபடியால் இங்கே பிரச்சினை வரவில்லை. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. கிராம உத்தியோகத்தரிடம் முதலில் போய்ப் பேசுங்கள்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தென்னை வைத்திருப்பவருக்கு அது தேவையே இல்லை. காய்ந்த பன்னாடை தீக்குச்சிக்கே பிடிக்கும். அதன்மேல் கொக்காரை, சிரட்டை இரண்டு, பிறகு பொச்சுமட்டை. விறகு அதற்குப் பிறகுதான். தென்னங்குற்றியைக் கொத்தி விறகாக்க மட்டும் நினைக்காதீர்கள். நார் நாராகக் கிழியும், நேராகப் பிளக்காது, கோடாலியின் முனையையும் தின்றுவிடும்.

கொழும்பு 13 (நவம்பர் 6)

எனக்கும் ஒரு கேள்வி. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியங்களில் உடைந்த பலகைத் தட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. பாரம் ஏற்றும் சதுரத் தட்டுகள். காய்ந்த மரம், அறுத்தால் போதும். எரிக்கலாமா?

அளவுகோல் (நவம்பர் 6)

முத்திரையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தட்டில் கோதுமைக் கதிர் அடையாளமும் நாட்டின் இரண்டு எழுத்தும் ஒரு குறியீடும் சுட்டிருக்கும். 'எச்.ரி.' (HT) என்று இருந்தால் வெறும் வெப்பத்தால் பதப்படுத்தியது. 'எம்.பி.' (MB) என்று இருந்தால் மெதைல் புரோமைட் நச்சுவாயுவால் பதப்படுத்தியது, தொடவேண்டாம். முத்திரை தெளிவில்லை என்றாலும், எண்ணெயோ இரசாயனமோ ஊறிய கறை இருந்தாலும் விட்டுவிடுங்கள். வர்ணம் பூசிய கதவு, ஒட்டுப்பலகை, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, பச்சை நிறமேறிய பதப்படுத்திய தூண் எதுவும் அடுப்புக்கு ஆகாது. அந்தச் சாம்பலைச் செடிக்கும் போடக்கூடாது.

புதுக்கடை (நவம்பர் 6)

கடற்கரையில் ஒதுங்கும் கட்டைகளும் வேண்டாம். உப்பு ஊறியது, கெட்ட புகை, சட்டியின் அடியும் அரிக்கும். அலரிக் கம்பும் வேண்டாம். நீர்கொழும்புக் களப்புப் பக்கம் போகிறவர்கள் தில்லை மரத்தைத் தெரிந்துவைத்திருங்கள், அதன் பால் கண்ணைக் கெடுக்கும்.

தெஹிவளை முற்றம் (நவம்பர் 16)

கொத்தி முடித்துவிட்டேன். இரண்டு கிழமை, தினமும் ஒரு மணி நேரம். ஆப்பு இரண்டும் சம்மட்டியும் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. விளிம்பிலிருந்து பத்தையாகக் கழற்றும் முறையைக் கையில் பிடித்த நாள் எனக்கு மறக்காது. ஒரே அடியில் பத்தை பறந்தபோது அம்மா கைதட்டினார். முழங்கை வரை நீண்ட கைச்சட்டை போட்ட பிறகு மாம்பால் தொல்லையும் இல்லை.

அடுக்கிய விதத்தை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். சீமெந்துக் கற்களை வைத்து அதன்மேல் இரண்டு பழைய இரும்புக் குழாய்கள், நிலத்திலிருந்து முக்கால் அடி உயரம். மதிலிலிருந்து ஒரு சாண் தள்ளி. இரு முனைகளிலும் நெடுக்கும் குறுக்குமாக வைத்துத் தூண்போல் எழுப்பி, நடுவில் வரிசையாக. நெஞ்சளவு உயரத்தோடு நிறுத்திவிட்டேன். மேலே தகரம் இரண்டு, ஒரு பக்கம் சரிவாக, முன்னால் ஒரு அடி நீட்டிக்கொண்டு. பக்கங்கள் நான்கும் திறந்திருக்கின்றன. ஒரு முழுக் குற்றியையும் கொத்தாமல் அதே கூரைக்குக் கீழே வைத்திருக்கிறேன், அச்சுவேலி ஐயாவின் முறையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக. ஐந்து துண்டுகளுக்கு இலக்கமிட்டேன். மூன்றாம் இலக்கம் சரியாக 2 கிலோ. முழுக் குற்றி 9.6 கிலோ.

மிலாறு (நவம்பர் 16)

அருமை. இரண்டே திருத்தங்கள். மேல் வரிசையில் பட்டை மேலே பார்க்கட்டும், சாரல் அடித்தால் வழிந்து ஓடும். கூரைக்கும் மேல் வரிசைக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள், ஈரக்காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். கிழமைக்கு ஒருமுறை கற்களின் பக்கத்தைப் பாருங்கள், கறையான் மண்கோடு ஏறினால் உடைத்துவிடுங்கள். விறகெடுக்கும்போது இடுக்குக்குள் கையை விடாதீர்கள். பாம்புக்கும் பூரானுக்கும் அது வீடு. ஒரு தடியால் தட்டி, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். இருட்டில் எடுக்கவே வேண்டாம்.

தெஹிவளை முற்றம் (டிசம்பர் 7)

மூன்றாம் இலக்கம் 1.62 கிலோ. இந்த மூன்று கிழமையில் மழை பெய்யாத நாள்கள் சொற்பம். இருந்தும் இவ்வளவு இறங்கியிருக்கிறது. பூஞ்சணம் தானாகவே காய்ந்து உதிர்ந்துவிட்டது. முழுக் குற்றி 9.3.

பழைய அச்சுவேலி (டிசம்பர் 8)

பிள்ளை, உங்கள் கணக்கைப் பார்த்தேன். மழைக்குள் இப்படிக் காயும் என்று நான் எண்ணவில்லை. கொழும்பில் இருபது ஆண்டுகள் இருந்தும் ஊர் வெயிலை மனதில் வைத்தே பேசியிருக்கிறேன். மிலாறு தம்பி சொன்னதே இங்கே பொருந்துகிறது.

தெஹிவளை முற்றம் (ஜனவரி 17)

பொங்கலுக்கு இந்த விறகில்தான் பொங்கினோம். மூன்றாம் இலக்கம் 1.37 கிலோ, முழுக் குற்றி 8.7. மெல்லிய துண்டுகளாகப் பார்த்து எடுத்து, போறணைக்காரன் அண்ணா சொன்னபடி ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தோம். ஒலித்தன. பன்னாடையும் சிரட்டையும் வத்தளையில் உள்ள மாமி கொடுத்தனுப்பினார். ஒரே தீக்குச்சி. ஊதுகுழலை அம்மா கையில் எடுக்கவே இல்லை. பால் பொங்கும்வரை புகை நூலாகத்தான் போனது. மேல்வீட்டுக்காரரிடம் முதல் நாளே நேரத்தைச் சொல்லியிருந்தேன். அவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பொங்கல் கேட்டு இறங்கி வந்தார்கள்.

வெள்ளவத்தை மாடிவீடு (ஜனவரி 18)

படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. எங்கள் கீழ்வீட்டுக்காரரிடம் நானும் போய்ப் பேசினேன். அவர்கள் விறகை மதிலோடு ஒட்டி, பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றிவைத்திருந்தார்கள். இந்த உரையாடலில் படித்ததைச் சொன்னேன். கற்களும் தகரமும் வைத்து மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். மாலைச் சமையலை எரிவாயுவுக்கு மாற்றிக்கொள்வதாகவும் சொன்னார்கள்.

தெஹிவளை முற்றம் (மார்ச் 1)

கடைசிக் கணக்கு. மூன்றாம் இலக்கம் பெப்ரவரி 14இல் 1.31, நேற்றும் 1.31. மற்ற நான்கும் அப்படியே நின்றுவிட்டன. முழுக் குற்றி 8.2இல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, பட்டைக்கு அடியில் வண்டுத்தூள் கொட்டுகிறது. அதை இன்று கொத்தினேன். நடுப்பகுதி தொட்டால் ஈரம்.

அனகி அடுப்பு ஒன்று வாங்கி வெளித்தாழ்வாரத்தில் வைத்திருக்கிறோம். ஞாயிறு சமையல் அதில். மீதி விறகு அப்படியே இருக்கட்டும் என்கிறார் அம்மா. நிறுத்துப் பார்த்தேன், இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கிறது. அளவுகோல் ஐயாவின் கணக்கில், கால்பங்கு வெப்பத்தைப் பானைக்குக் கொடுக்கும் அடுப்பானால், இரண்டு சிலிண்டருக்கு மேல்.

மிலாறு அண்ணா, நீங்கள் ஒதுக்கச் சொன்ன கவட்டுக் குற்றிகள் மூன்றும் இன்னும் இருக்கின்றன. பெரியது கொத்தும் கட்டையாகிவிட்டது. மற்ற இரண்டில் ஒன்றில் அம்மா இருந்து அடுப்பைப் பார்க்கிறார், மற்றதில் நான்.